கிறிஸ்துமஸுக்கு 11 பேர் வர்றாங்களா? மொதல் தடவை வீட்டுல விருந்தாளிகளை வச்சுக்கிறவங்களுக்கு

எங்க வீடு பாளையங்கோட்டையில. ரெண்டு பெட்ரூம், ஒரு ஹால், ரெண்டு பாத்ரூம், அவ்வளவுதான். கல்யாணம் ஆன மூணாவது வருஷம் அத்தை போன் பண்ணி "இந்த வருஷம் கிறிஸ்துமஸ் உங்க வீட்டுலதாம்மா, எல்லாரும் அங்க வந்துருதோம்"னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. நாங்களும் குஷியா கடைக்குப் போயி பெரிய ஸ்டார் வாங்குனோம், சீரியல் லைட் வாங்குனோம், கேக்குக்கு சொல்லிட்டோம், ஆகா எல்லாம் ரெடினு இருந்தோம். 25ஆம் தேதி காலையில நாலேகாலுக்கு பாத்ரூமுக்குள்ளேர்ந்து பெரிய மாமா குரல் வருது, "ஏம்மா... தண்ணி நின்னுட்டுது." மனுஷன் உடம்பு பூரா சோப்பு. அஞ்சு மணிக்கு ஆராதனை. மோட்டார் போடலாம்னு போனா கீழ தொட்டியிலயும் தண்ணி இல்ல.

அன்னைக்கு பக்கத்து வீட்டுலேர்ந்து நாலு வாளி தூக்கிட்டு வந்து மாமாவைக் குளிப்பாட்டாத குறையா வெளிய கொண்டு வந்தோம். கேக்கையும் ஸ்டாரையும் யாரும் மறக்கறதில்ல, அதை நெனவுபடுத்த ஊரே இருக்கு. தண்ணி, படுக்கை, காலையில யாரு எத்தனை மணிக்குக் குளிக்கிறது, இதைத்தான் ஒருத்தரும் சொல்லித்தர மாட்டாங்க. அதுக்குத்தான் இதை எழுதுறேன். நான் சொல்றது தின்னவேலி, பாளை, தூத்துக்குடி பக்கத்து வீடுகளுக்கு அப்படியே பொருந்தும், மத்த ஊர்க்காரங்க அவங்கவங்க ஊருக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

அக்டோபர்லயே தலையை எண்ணுங்க

டிசம்பர்ல ஆரம்பிச்சா லேட்டு. ஏன்னா வர்றவங்க பாதிப்பேர் சென்னை, பெங்களூர்லேர்ந்து ரயில்ல வருவாங்க, ரயில் டிக்கெட் இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் ஓப்பன் ஆகுது. முன்னாடி 120 நாள் இருந்துச்சு, 2024 நவம்பர் 1லேர்ந்து 60 ஆக்கிட்டாங்க. அப்ப டிசம்பர் 23 கிளம்பறவங்களுக்கு அக்டோபர் 24 காலையில எட்டு மணிக்கு டிக்கெட் எடுக்கணும், புத்தாண்டு ஆராதனை முடிச்சுட்டு ஜனவரி 1 ராத்திரி திரும்பறவங்களுக்கு நவம்பர் 2. நெல்லை எக்ஸ்பிரஸ், கன்னியாகுமரி, அனந்தபுரி எல்லாம் அந்த வாரத்துக்கு நிமிஷக்கணக்குல காலியாகும், அரையாண்டு லீவும் அதே சமயம்தானே. நீங்கதான் வீட்டுக்காரங்க, அதனால குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல முந்தின நாளே ஒரு மெசேஜ் போட்டு ஞாபகப்படுத்திருங்க. ஆளுக்கொரு நாளா வந்து ஆளுக்கொரு நாளா போனா, ஸ்டேஷனுக்கு ஆட்டோ அனுப்பறதே உங்க பொழப்பாயிரும்.

அப்பவே ஒரு நோட்டுல (போன்ல வேண்டாம், நோட்டுலயே, ஏன்னா கடைசில அந்த நோட்டை வீட்டுல எல்லாரும் பாக்க வேண்டி வரும்) ஒவ்வொருத்தர் பேருக்கு நேரா எழுதிக்கோங்க: எப்ப வர்றாங்க, எப்ப போறாங்க, சுகர், பிரஷர் இருக்கா, கீழ உக்கார முடியுமா, கறி சாப்பிடுவாங்களா. எங்க சின்ன மதினி கல்யாணத்துக்கு முன்னாடி சைவக் குடும்பம், இப்பவும் மட்டன் தொடமாட்டாங்க, அது எங்களுக்குத் தெரியும், ஆனா மொதல் வருஷம் மறந்துட்டோம், பாவம் அன்னைக்கு மத்தியானம் தயிர் பச்சடியும் வெறும் சோறும் சாப்பிட்டாங்க. குறட்டை விடறவங்க யாருன்னும் குறிச்சுக்கோங்க, சிரிக்காதீங்க, பின்னாடி வேலைக்கு ஆகும்.

வெயிலை நம்பி வேலை பாக்காதீங்க

நம்ம பக்கம் பெரிய மழையே அக்டோபர் நடுவுலேர்ந்து டிசம்பர் வரைக்குந்தான். அதனால வெள்ளையடிக்கிறது, பெயின்ட் எதுவா இருந்தாலும் வெளிச்சுவரை அக்டோபர் பாதிக்குள்ள முடிச்சுருங்க, இல்லைன்னா இந்த வருஷம் விட்டுருங்க. ஈரச் சுவர்ல பெயின்ட் அடிச்சா பொங்கலுக்குள்ள பொக்களம் பொக்களமா கிளம்பிரும், காசு போச்சு. உள்பக்கம் மட்டும் ஹாலுக்கு ஒரு கோட்டிங் போதும்.

போர்வை, தலையணை உறை, மெத்தை விரிப்பு, ஜமுக்காளம் இதெல்லாம் நவம்பர்ல என்னைக்கு நல்ல வெயில் அடிக்குதோ அன்னைக்கே தோச்சுக் காயப்போட்டு எடுத்து பெரிய பிளாஸ்டிக் கவர்ல கட்டி வச்சுருங்க. டிசம்பர் 20க்குத் தோச்சீங்கன்னா மூணு நாள் கொடியில தொங்கி, காயாம, அந்த முக்கல் வாடையோட அத்தைக்குப் போர்த்தக் கொடுப்பீங்க, அவங்களும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க, ஆனா மூக்கு சுளிக்கிறது உங்களுக்குத் தெரியும்.

மழைன்னதும் 2023 நெனவுக்கு வருது. டிசம்பர் 17, 18ல பேஞ்ச மழை, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர், தாமிரபரணி கரை மீறி தின்னவேலி ஜங்ஷன் பக்கம் வெள்ளம், ஸ்ரீவைகுண்டத்துல ரயில்ல வந்த சனம் நடுவழியில மாட்டிக்கிச்சு. கிறிஸ்துமஸுக்கு சரியா ஒரு வாரம் இருக்கும்போது. எல்லா வருஷமும் அப்படி வராது, ஆனா டார்ச், மெழுகுவத்தி, ஒரு கேன் குடிதண்ணி, பால் பவுடர் பாக்கெட் ரெண்டு, அஞ்சு நாளைக்கு அரிசி பருப்பு, இதை 15ஆம் தேதிக்குள்ள வாங்கி வச்சுருங்க. கேஸ் சிலிண்டரும் அப்படித்தான், ரெண்டாவது சிலிண்டர் நிறைஞ்சு இருக்கான்னு டிசம்பர் மொத வாரமே ஆட்டிப் பாருங்க. பலகாரம் சுடற வீட்டுல 14.2 கிலோ சிலிண்டர் எங்க போச்சுன்னே தெரியாது.

தண்ணிக் கணக்கு, பாத்ரூம் கணக்கு

இங்க கொஞ்சம் உக்காந்து கணக்குப் போடணும். நகரத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு அரசாங்கக் கணக்கு ஒண்ணு உண்டு. வந்தவங்க 11, நாங்க 3, மொத்தம் 14 பேர், அப்ப 1,890 லிட்டர். எங்க மாடியில இருக்கிறது 1,000 லிட்டர் டேங்க். அதாவது ஒரு நாளைக்கு ரெண்டு தடவை முழுசா நெறைக்கணும், ராத்திரி ஒரு தடவை கட்டாயம் நெறைஞ்சு நிக்கணும். இந்தக் கணக்கை மொத வருஷமே போட்டிருந்தா மாமா சோப்போட நின்னிருக்க மாட்டாரு.

செய்ய வேண்டியது: டேங்கையும் கீழ்த்தொட்டியையும் டிசம்பர் 10க்குள்ள கழுவிருங்க. உங்க தெருவுக்கு மாநகராட்சித் தண்ணி என்னைக்கு வருதுன்னு பாத்து, 23, 24ல வராத முறைன்னா ஒரு டிராக்டர் தண்ணிக்கு முன்கூட்டியே சொல்லிருங்க, 24 மத்தியானம் போன் பண்ணா எடுக்கவே மாட்டாங்க. போர்வெல் இருந்தாலும் கரன்ட் இல்லைன்னா மோட்டார் ஓடாது, அதனால ரெண்டு பெரிய டிரம்முல தண்ணி பிடிச்சு மூடி வைங்க. மூடி முக்கியம், டெங்கு கொசு நல்ல தண்ணியிலதான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாள்ல கொசுவாப் பறந்துரும். வாரம் ஒரு தடவை டிரம்மைக் காலி பண்ணி உள்பக்கம் தேய்ச்சுக் கழுவிட்டுத் திரும்பப் பிடிங்க.

செப்டிக் டேங்க் கடைசியா எப்ப எடுத்தீங்கன்னு ஞாபகம் இல்லைன்னா நவம்பர்லயே லாரி கூப்பிட்டு எடுத்துருங்க. மூணு பேர் புழங்கற வீட்டுல திடீர்னு 14 பேர் புழங்கினா, அதுவும் மழைக்காலத்துல மண்ணே ஈரத்துல ஊறிக் கெடக்கும்போது, எது எப்ப மேல பொங்கி வரும்னு சொல்ல முடியாது. லாரி மெஷினை வச்சுத்தான் எடுக்கணும், ஆளை உள்ள இறக்கவே கூடாது, சட்டப்படியும் குத்தம், அதை விட உசுரு.

வயசானவங்க போற பாத்ரூமுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், வழுக்காத மிதியடி, கதவுக்கு வெளிய ஒரு நைட் லேம்ப். தாழ்ப்பாள் இறுக்கமா இருந்தா எண்ணெய் போடுங்க. எங்க பெரியம்மா ஒருத்தங்க உள்ள மாட்டிக்கிட்டு கால் மணி நேரம் ஜெபம் பண்ணிட்டு இருந்தாங்க, நாங்க அவங்க குளிச்சிட்டு இருக்காங்கன்னு நெனச்சோம்.

அடுத்தது வெந்நி. 15 லிட்டர் ஹீட்டர் ஒரு தடவை காலியானா திரும்ப சூடாக சுமாரா இருபது நிமிஷம். 14 பேருக்கு அது எந்த மூலைக்கு? நாங்க இப்ப கொல்லைப்புறத்துல மூணு கல்லு வச்சு பெரிய அண்டாவுல விறகு அடுப்புல வெந்நி போட்டுருதோம், மேல ஒரு தகரம். எங்க மாமனார் அதுக்கு ஏகபோக உரிமை எடுத்துக்கிட்டாரு, விடியக்காலை ரெண்டரைக்கே எந்திரிச்சு அடுப்புப் பக்கத்துல உக்காந்து வர்றவங்களுக்கு வாளி வாளியா மோந்து கொடுக்கறது அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

யாரு எங்க படுக்கறது

வர்றவங்க கிட்ட "எங்க வேணாலும் படுத்துக்கோங்க"ன்னு சொல்லாதீங்க. அப்படிச் சொன்னா யாருமே நல்ல எடத்துல படுக்கமாட்டாங்க, "நான் இப்படி ஓரமா படுத்துக்கிறேன்"னு ஆளாளுக்கு ஓரத்தைத் தேடுவாங்க, கட்டில் சும்மா கெடக்கும். நீங்களே பிரிச்சுச் சொல்லிருங்க. கட்டில் ரூம் ரெண்டும் வயசானவங்களுக்கும் கைக்குழந்தைக்காரங்களுக்கும், பாத்ரூம் ஒட்டின ரூம் சுகர் உள்ளவங்களுக்கு, ஏன்னா ராத்திரி நாலு தடவை எந்திரிப்பாங்க. ஹால் பயலுகளுக்கும் ஆம்பளைகளுக்கும். குறட்டைப் பார்ட்டி ஹால்ல கடைசி. உங்க பெட்ரூமையும் விட்டுக்கொடுக்கணும், அதுல மனசை மொதல்லயே தேத்திக்கோங்க, நானும் எங்க வீட்டுக்காரரும் மூணு வருஷமா டைனிங் டேபிளுக்குப் பக்கத்துலதான் படுக்கறோம்.

மெத்தை எல்லாம் வாங்காதீங்க, வருஷத்துக்கு ஒரு வாரம்தான். பந்தல்காரங்க கிட்டயும் வாடகைப் பாத்திரக் கடையிலயும் மெத்தை, தலையணை, மடக்குக் கட்டில், நாற்காலி, பெரிய குண்டான் எல்லாம் வாடகைக்குக் கெடைக்கும், டிசம்பர் 10க்குள்ள அட்வான்ஸ் கொடுத்துருங்க. வாடகைத் தலையணைக்கு நம்ம உறை போட்டுக்கணும். தரை டிசம்பர்ல சில்லுன்னு இருக்கும், அதனால கீழ பாய், அதுக்கு மேல ஜமுக்காளம், அதுக்கு மேலதான் மெத்தை. ஆளுக்கு ஒரு போர்வைக்கு மேல ரெண்டு எக்ஸ்ட்ரா வச்சுக்கோங்க. சார்ஜ் போட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ரெண்டு, இல்லைன்னா ஹால்ல ஒரே பிளக்குக்கு நாலு பேர் சண்டை போடுவாங்க. துணி தொங்கவிட கதவுக்குப் பின்னாடி கொக்கி. இன்சுலின் கொண்டு வர்றவங்களுக்கு ஃபிரிட்ஜ் கதவுப் பக்கம் ஒரு டப்பா ஒதுக்கி பேரு எழுதிருங்க, ஃப்ரீசர்ல மட்டும் வச்சுறக் கூடாது, உறைஞ்சா மருந்து வீணாப்போயிரும்.

பலகாரம்: எதை மொதல்ல, எதை கடைசியா

இதுல நான் கொஞ்சம் அதிகமாப் பேசுவேன், பொறுத்துக்கோங்க.

கேக்குக்குப் பழம் ஊறப்போடறது நவம்பர் கடைசில. கேக்கை வீட்டுல பண்ற பழக்கம் இல்லைன்னா பேக்கரியில சொல்லிருங்க, அதுல ஒண்ணும் மானம் போகாது. மொதல் தடவை விருந்தாளிகளை வச்சுக்கிட்டு எல்லாத்தையும் நானே பண்ணுவேன்னு நிக்காதீங்க. ரெண்டு பலகாரம் நல்லாப் பண்ணுங்க போதும், என் சாய்ஸ் முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும்.

முந்திரிக்கொத்து 18, 19 தேதியில பண்ணா புத்தாண்டு வரை நிக்கும். பேருல முந்திரி இருந்தாலும் உள்ள முந்திரி கெடையாது, சிறுபயறுதான், திராட்சைக் கொத்து மாதிரி மூணு மூணா ஒட்டிக்கிட்டு இருக்கும். ஒரு கிலோ சிறுபயறை வாசம் வர்ற வரைக்கும் வறுத்து கொரகொரன்னு திரிச்சுக்கோங்க. ரெண்டு தேங்காயைத் துருவி, ஈரமே இல்லாம செவக்க வறுக்கணும். இங்கதான் எல்லாரும் அவசரப்பட்டுக் கெடுக்கறது, தேங்காய்ல லேசா ஈரம் நின்னாலும் அஞ்சாவது நாள் காறல் வாடை அடிச்சுரும். கையில எடுத்துத் தேய்ச்சா மணல் மாதிரி உதிரணும். எள்ளு, ஏலக்காய், சுக்கு சேத்து, முக்கால் கிலோ வெல்லம் இல்லைன்னா கருப்பட்டியைப் பாகு காய்ச்சி வடிகட்டி ஊத்திக் கிளறி, கை பொறுக்கற சூட்டுலயே உருண்டை பிடிக்கணும். ஆறிட்டா பிடிக்க வராது, அதனால இதுக்கு ஆள் பலம் வேணும், நாலு பேர் சுத்தி உக்காந்தாத்தான் வேலை ஓடும். ராத்திரி பூரா ஆறவிட்டு, மறுநாள் பச்சரிசி மாவுல கொஞ்சம் மைதா, மஞ்சப்பொடி, உப்பு போட்டு இட்லி மாவு பதத்துக்குக் கரைச்சு, மூணு உருண்டையை ஒண்ணா முக்கி எண்ணெயில விடுங்க.

அச்சு முறுக்குக்கு புது அச்சு வாங்குனா மொதல் நாளே எண்ணெயில ஊறப்போட்டுருங்க, பழைய அச்சு யார்கிட்டயாவது கடன் கெடைச்சா அதை விட நல்லது. மாவுக்கு அரிசி மாவு, முட்டை, தேங்காய்ப்பால், சீனி, கொஞ்சம் எள்ளு, தோசை மாவை விட லேசா தண்ணியா. அச்சு எண்ணெயிலயே கெடந்து சூடாகணும், எடுத்து மாவுல முக்கும்போது 'சொய்ய்'னு சின்னச் சத்தம் வரும், அதுதான் பதம். சத்தம் வரலைன்னா அச்சு ஆறிருச்சு, மாவு ஒட்டாது. முக்கால்வாசிதான் முக்கணும், மாவு அச்சோட மேல்விளிம்பைத் தாண்டி ஏறுச்சுன்னா முறுக்கு அச்சை விட்டுக் கழலவே கழலாது, ஈர்க்குச்சி வச்சுக் குத்திக் குத்தி எடுக்கணும். மொதல் அஞ்சு முறுக்கு எப்படியும் உடையும். அதை அப்பவே சுத்தி நிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்துருங்க.

கல்கல் பண்ணலாம், ஆனா அதை வர்றவங்க வந்த பெறகு 23ஆம் தேதி சாயங்காலத்துக்கு வச்சுக்கோங்க. மாவை மட்டும் நீங்க பிசைஞ்சு வச்சுட்டு ஆளுக்கொரு புதுச் சீப்பு கொடுத்து உக்கார வச்சுருங்க, சீப்புப் பல்லு மேல வச்சு உருட்டி உருட்டிப் போடறது பிள்ளைகளுக்கு வெளையாட்டு, பெரியவங்களுக்குக் கதை பேச எடம். நீங்க அந்நேரம் நைசாப் போயி அரை மணி நேரம் படுத்துக்கலாம்.

ஸ்டார், குடில்

ஸ்டாரை டிசம்பர் மொத நாளே கட்டிருவோம். வெளிய கட்டற ஒயர்ல ஒட்டுப்போட்ட எடம் இருந்தா மழையில ஷாக் அடிக்கும், ஒரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் பாத்துக்கோங்க. குடில் வைக்கிறவங்களுக்கு ஒரே ஒரு டிப்: 16ஆம் தேதி வாக்குல ஒரு தட்டுல மண்ணைப் பரப்பி கேழ்வரகோ கடுகோ தூவி தண்ணி தெளிச்சு வச்சா 24க்குப் பச்சைப்பசேல்னு புல்வெளி ரெடி. கிறிஸ்துமஸ் மரத்துக்கு சவுக்குக் கிளை போதும். இதுக்கு மேல இதுல சொல்ல ஒண்ணுமில்ல, பிள்ளைக கிட்ட விட்டுருங்க.

கேரல் ரவுண்ட்ஸ் வரும், ராத்திரி வரும்

கேரல் ரவுண்ட்ஸ்னா சபைக்காரங்க கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கிட்டு வீடு வீடா வர்றது. எங்க மொத வருஷம் 22ஆம் தேதி ராத்திரி ஒண்ணரை மணி. ஹால்ல அஞ்சு பேர் வரிசையாப் படுத்திருக்காங்க. வெளிய டிரம்ஸ் சத்தம். எங்க வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்துல கதவைத் திறந்துட்டாரு, முப்பது பேர் பாட்டோட உள்ள, முன்னாடி கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடிக்குள்ள கண்ணு தெரியாம நேரா வந்து வாசப்பக்கம் படுத்திருந்த சித்தப்பா கால்ல மிதிச்சுட்டாரு. சித்தப்பா அலறிக்கிட்டு எந்திரிச்சுப் பாத்தா இருட்டுல செவப்புச் சட்டை வெள்ளைத்தாடி. இப்பவும் அதைச் சொன்னா அவருக்குக் கோவம் வரும்.

உங்க சபையில எந்தத் தெருவுக்கு என்னைக்குன்னு லிஸ்ட் போடுவாங்க, அதைக் கேட்டு நோட்டுல எழுதிக்கோங்க. அன்னைக்கு ஹால்ல படுக்கறவங்க கிட்ட முன்கூட்டியே சொல்லிருங்க, வாசப்பக்கம் மூணு அடி காலியா விடுங்க. காணிக்கையைக் கவர்ல போட்டு பைபிள் பக்கத்துலயே வச்சுருங்க, ஒண்ணரை மணிக்கு யாரும் பீரோ சாவி தேடக் கூடாது. சுக்குக் காப்பியைக் காய்ச்சி பெரிய பிளாஸ்க்குல ஊத்தி வச்சுருங்க, கூட வாழைப்பழம், முறுக்கு. பேப்பர் கப் ஒரு அம்பது.

24 ராத்திரியும் 25 விடியக்காலையும்

கத்தோலிக்க வீடுன்னா 24 ராத்திரி பூசைக்குப் போயிட்டு ரெண்டு மணிக்கு வந்து படுப்பீங்க, காலையில ஆற அமர எந்திரிக்கலாம், உங்களுக்கு இந்தப் பாடு கம்மி. எங்களுக்கு விடியக்காலை அஞ்சு மணி ஆராதனை. 14 பேர், ரெண்டு பாத்ரூம், ஆளுக்குப் பத்து நிமிஷம்னா எழுபது நிமிஷம், நடுவுல யாராவது இழுப்பாங்க, அதனால மூணு மணிக்கு மொத ஆள் உள்ள போயிருக்கணும். ஒரு பேப்பர்ல பேரும் நேரமும் எழுதி பாத்ரூம் கதவுலயே ஒட்டிருங்க. மொதல்ல எல்லாரும் சிரிப்பாங்க, "என்ன மதினி, ஹாஸ்டல் மாதிரி"ம்பாங்க, ஆனா மூணே காலுக்கு அந்தப் பேப்பரைப் பாத்துட்டுதான் கதவைத் தட்டுவாங்க. சமையல் பாக்கறவங்களுக்கு மொத ரெண்டு எடம். சின்னப் பிள்ளைகளை 24 ராத்திரியே குளிப்பாட்டிருங்க, காலையில மூஞ்சி கழுவி புதுச்சட்டை போட்டா யாருக்குத் தெரியப்போகுது.

அயர்ன் பண்றது எல்லாம் 24 சாயங்காலம் ஆறு மணிக்குள்ள. புதுத்துணி தைக்கக் கொடுத்திருந்தா டெய்லர் கிட்ட 15ஆம் தேதின்னு பொய் சொல்லுங்க, அப்பத்தான் 23க்காவது வரும். எனக்கு ஒரு வருஷம் கையே தைக்காத ஜாக்கெட் 24 ராத்திரி பத்து மணிக்கு வந்துச்சு.

இட்லிக்கு மாவை 24 மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள ஆட்டிருங்க, இந்தக் குளிருக்கு சாயங்காலம் ஆட்டுன மாவு காலையில கல்லு மாதிரி உக்காந்திருக்கும். ஆளுக்கு அஞ்சு இட்லி வச்சா எழுபது, ஒன்னரை கிலோ அரிசி போட்டா சரியா வரும். ஆப்பம் வேண்டாம்னு நான் சொல்லுவேன், நல்லாத்தான் இருக்கும், ஆனா ஒவ்வொண்ணா ஊத்தணும், 14 பேருக்கு ஊத்திக்கிட்டே நின்னா உங்களுக்கு கிறிஸ்துமஸ் அடுப்படியிலயே முடிஞ்சுரும். மட்டன் குழம்பை 24 ராத்திரியே வச்சு காலையில சூடு பண்ணுங்க, மறுநாள்தான் ருசியும் கூடும்.

கறிக்கு 20ஆம் தேதியே கடையில சொல்லி வச்சு, 24 காலையில ஆறு மணிக்குள்ள போயி வாங்கிருங்க. பிரியாணிக்கு ரெண்டு கிலோ அரிசி ரெண்டு கிலோ கறின்னா 14 பேர் சாப்பிட்டு அக்கம் பக்கத்துக்கும் கொடுக்கலாம். அந்தக் கறியை ஒவ்வொரு கிலோவாத் தட்டையா கவர்ல போட்டு ஃப்ரீசர்ல வைங்க, மொத்தமா உருண்டையா வச்சீங்கன்னா வெளிய எடுத்து எத்தனை நேரம் ஆனாலும் நடுவுல பாறையாத்தான் கெடக்கும். வேலைக்கு வர்ற அக்காவுக்கும் கிறிஸ்துமஸ் உண்டு, 24 மத்தியானத்தோட லீவு கொடுத்துருங்க, அவங்களை நம்பித் திட்டம் போடாதீங்க. சாப்பாட்டுக்கு வாழையிலை, பாத்திரம் கழுவற வேலை பாதியாக் குறையும். மட்டன் எலும்பு, இலை எல்லாம் ஒரு மூடி போட்ட டிரம்முல போடுங்க, 25 அன்னைக்கு குப்பை வண்டி வரும்னு எதிர்பாக்காதீங்க, நாய் இழுத்துத் தெரு பூரா பரப்பிரும்.

அக்கம் பக்கம்

தீபாவளிக்கு எதிர்வீட்டு அக்கா ஒரு எவர்சில்வர் தூக்குவாளி நெறைய முறுக்கும் அதிரசமும் கொடுத்துவிட்டிருப்பாங்க, அது உங்க அலமாரியில இன்னும் கெடக்கும். கிறிஸ்துமஸ் வரைக்கும் அதைத் திருப்பிக் கொடுக்காததுக்குக் காரணமே இதுதான், காலியா கொடுக்கக் கூடாது. இப்ப எடுத்துக் கழுவி முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, கேக் ரெண்டு துண்டு வச்சு 24 சாயங்காலமே கொடுத்தனுப்புங்க. மார்கழி மாசம் நெறைய பேர் கறி சாப்பிடமாட்டாங்க, கேட்டுக்கிட்டு பிரியாணி அனுப்புங்க, மாலை போட்ட வீட்டுக்கு முட்டை சேத்த கேக்கும் அச்சு முறுக்கும் கூட வேண்டாம், பழமும் சீனி மிட்டாயும் தனியா வைங்க.

26லேர்ந்து

26 காலையில எல்லாரும் ஒரு மாதிரி சோர்வா இருப்பாங்க, பிள்ளைக மட்டும் குதிக்கும். வெளிய கூட்டிட்டுப் போங்க. பாளையிலயே 1826ல கட்டுன ஊசிக்கோபுரக் கோயில் இருக்கு, அதுக்கும் முந்தி 1785ல குளோரிந்தா அம்மா கட்டுன கோயில் இருக்கு, பாப்பாத்தி அம்மா கோயில்னு சொல்லுவோம், இந்த ஊர்லயே பொறந்த எங்க வீட்டுக்காரர் முப்பது வயசுக்கு மேலதான் அதுக்குள்ள போனாரு. தூரமா போகணும்னா மணப்பாடு, கடலோரத்துல மேட்டு மேல கோயில், பிள்ளைகளுக்கு மணல். கன்னியாகுமரி கண்ணாடிப் பாலத்தைப் பாக்கணும்னு அடம் பிடிப்பாங்க, 2024 டிசம்பர் 30ல திறந்தது, ஆனா அந்த வாரத்துல போட்டுக்கு நிக்கிற க்யூவைப் பாத்தா பாலம் ஞாபகமே வராது. ஜனவரிக்கு மேல போகச் சொல்லுங்க.

கிளம்பறவங்களுக்கு ரயில் சாப்பாடா இட்லியில மிளகாப்பொடி எண்ணெய் தடவி இலையில கட்டிக் கொடுத்துருங்க, பிரியாணி கொடுக்காதீங்க, ராத்திரிக்குள்ள கெட்டுரும். அல்வா கேப்பாங்க, அதை முந்தின நாள் சாயங்காலமே வாங்கி வைங்க, ரயிலுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது டவுனுக்கு ஆள் அனுப்பாதீங்க. ஆட்டோ ஏறறதுக்கு முன்னாடி ஒரு ஆள் எல்லா பிளக் பாயின்டையும், பாத்ரூம் கொக்கியையும், ஃபிரிட்ஜ் கதவையும் பாத்துட்டு வரணும். எங்க வீட்டுல இதுவரைக்கும் சார்ஜர் ஏழு, ஒரு பல்செட்டு, ஒரு இன்சுலின் பேனா. பல்செட்டை மட்டும் பார்சல்ல அனுப்ப முடியாம எங்க வீட்டுக்காரர் பைக்ல வள்ளியூர் வரைக்கும் கொண்டு போயிக் கொடுத்தாரு.

வாடகை மெத்தை, நாற்காலி எல்லாம் எண்ணித் திருப்பிக் கொடுங்க, குண்டானுக்கு மூடி இருந்துச்சான்னு பாத்துக்கோங்க, அதுக்குத்தான் எப்பவும் காசு பிடிப்பாங்க. ஸ்டாரை ஜனவரி 6, மூணு ராஜாக்கள் திருநாள் வரைக்கும் விட்டுருங்க. அந்த நோட்டை எடுத்து, எது மிஞ்சுச்சு எது பத்தலைன்னு அன்னைக்கே எழுதிருங்க. போன வருஷம் நான் எழுதினது: முறுக்கு அதிகம், போர்வை ரெண்டு கம்மி, டைனிங் டேபிளுக்குக் கீழ கொசுவத்தி வேணும், சித்தப்பாவுக்கு வாசப்பக்கம் வேண்டாம்.